அவள் மனதை யார் மாற்றினார்கள்?

2002ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது. வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ ஏமாற்றியோ ஒருவரை மதம் மாற்றினால் மூன்றாண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம் என்றது அது. மாறியவர் வயதுவராதவராக, பட்டியல் சாதியினராக, பழங்குடியினராக, அல்லது பெண்ணாக இருந்தால் நான்காண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பிறகு அதே அரசு அதைத் திரும்பப் பெற்றது. சட்டம் போய்விட்டது. ஆனால் அந்தப் பட்டியல் போகவில்லை. 1967இல் ஒரிசாவில் வந்த சட்டத்திலும் அது உண்டு. பின்னர் வேறு பல மாநிலங்கள் இயற்றிய சட்டங்களிலும் உண்டு. குழந்தை, தலித், பழங்குடி, பெண் என்ற இந்த நால்வருக்கும் சொந்தப் புத்தி கிடையாது, யாராவது வந்து கலைத்தால் கலைந்துவிடுவார்கள் என்பதுதான் அதன் உட்பொருள்.

முப்பது வயதான, சம்பாதிக்கிற, வாக்களிக்கிற, பிள்ளை பெற்று வளர்க்கிற ஒருத்தி தன் கடவுளை மாற்றிக்கொண்டால், "ஏன் மாறினாய்?" என்று அவளை யாரும் கேட்பதில்லை. "யார் மாற்றினார்கள்?" என்று அவளைச் சுற்றியிருப்பவர்களைக் கேட்கிறார்கள். கிறிஸ்துவின் வழியைத் தேர்ந்த பெண்களின் வரலாற்றை முதல் கேள்வியோடு வாசித்துப் பார்க்கலாம் என்பதற்காகவே இக்கட்டுரை. நான் கிறிஸ்தவள் அல்லள். எந்த மதத்துக்கும் ஆள் சேர்க்கும் எண்ணமும் இல்லை. ஒரு பெண் எதை மீட்பு என்று நினைத்தாள், அதற்காக எதைக் கொடுத்தாள், எதைப் பெற்றாள் என்பது பெண் வரலாற்றின் ஒரு பகுதி என்பதால் இதை எழுதுகிறேன்.

மீட்பு என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். சீர்திருத்தத் திருச்சபையார் பேச்சில் இரட்சிப்பு என்பார்கள். கத்தோலிக்கர் மீட்பு என்பார்கள். இரட்சிப்பு என்றால் காப்பாற்றுதல். மீட்பு அதைவிட மண்ணோடு ஒட்டிய சொல். அடகுக்கடையில் இருக்கும் தோட்டை மீட்பது, கொத்தடிமையாக இருக்கும் பிள்ளையை மீட்பது என்று நாம் அன்றாடம் புழங்குவது. கடன் அடைத்துத் தனக்குரியதைத் திரும்பப் பெறுவதே மீட்பு. சைவ வைணவ நூல்கள் சொல்லும் வீடுபேறு என்பதில் இருக்கும் வீடு, விடு என்பதிலிருந்து வந்தது, பற்றை விடுதல். விடுவதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். தன் உடம்பே பிறருக்குரியதாக இருந்த பெண்ணுக்கு விடுவதைவிட மீட்பதுதான் முதல் தேவையாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நான் வசிப்பது சேரப்பணஞ்சேரியில். படப்பையைத் தாண்டினால் ஒரகடம் போகிற வழியில் இருக்கும் ஊர். ஏரியும் வயலுமாக இருந்த இந்த வட்டாரம் கால் நூற்றாண்டுக்குள் கார்த் தொழிற்சாலைகளும் மின்னணுத் தொழிற்சாலைகளும் நிறைந்ததாகிவிட்டது. கம்பெனிப் பேருந்துகள் ஷிப்டுக்கு ஷிப்டு பெண்களை ஏற்றி இறக்குகின்றன. ஆனால் மீட்பைப் பற்றிய பேச்சு இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பக்கத்து ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். ஆசான் மறைவாகச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னவர் என்று அவரை வைணவ மரபு கொண்டாடுகிறது. மேற்கே காஞ்சி. மணிமேகலை தன் தேடலை முடித்த நகரம்.

மணிமேகலையை மதம் தேர்ந்த பெண்ணின் கதையாக வாசிக்கும் வழக்கம் நம் வகுப்பறைகளில் குறைவு. பசிப்பிணி தீர்த்தவள், துறவி என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். வஞ்சி நகரில் அவள் ஒவ்வொரு சமயக் கணக்கரிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். ஆனால் தன் உருவில் போகவில்லை. நீ இளம்பெண், உனக்கு எவரும் மெய்ப்பொருளை உரைக்கமாட்டார்கள், வேற்றுரு எடுத்துக்கொள் என்று கண்ணகித் தெய்வம் சொல்ல, அவள் மாதவன் வடிவில் போகிறாள். தத்துவம் கேட்பதற்கே ஒரு பெண் ஆண் வேடம் போட வேண்டியிருந்தது என்பதைச் சாத்தனார் ஒளிக்காமல் எழுதினார். எல்லாவற்றையும் கேட்டு, எதிலும் நிறைவு காணாமல், பிறகு காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அறம் கேட்டு அதைத் தேர்கிறாள். அதே காஞ்சியில் பஞ்சத்தில் வாடியவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறிடுகிறாள். அறமும் சோறும் ஒரே பாத்திரத்தில் இருப்பது அந்தக் காப்பியத்துக்குக் கூச்சமாக இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தமிழ்நாட்டுச் சீர்திருத்தக் கிறிஸ்தவ வரலாற்றில் பெயரோடு நிற்கும் முதல் பெண்களில் ஒருவர் கிளாரிந்தா. தஞ்சை மராத்தியப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து இளவயதில் கணவனை இழந்தவர். உடன்கட்டை ஏறவிருந்தவரை லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரி காப்பாற்றினார் என்ற கதை பரவலாக வழங்குகிறது. அ. மாதவையா 1915இல் ஆங்கிலத்தில் எழுதிய 'கிளாரிந்தா' நாவலும் அந்தக் கதையைப் பரப்பியது. எரியும் சிதை, குதிரையில் வரும் வெள்ளைக்காரன், மீட்கப்படும் பெண் என்று ஆண்களுக்கு வசதியான கதை அது.

சிதையை விட்டுவிட்டு ஆவணங்களில் இருப்பதைப் பார்த்தால் வேறொரு பெண் தெரிகிறாள். அந்த அதிகாரியோடு வாழ்ந்த காலத்தில் அவர் ஞானஸ்நானம் கேட்டார். திருமணமாகாமல் சேர்ந்து வாழ்கிறாள் என்ற காரணத்தால் ஸ்வார்ட்ஸ் பாதிரியார் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்தார். அதன் பிறகு கிளாரிந்தா மீண்டும் கேட்டார். 1778இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். கிறிஸ்துவை அவர் அந்த ஆணுக்காகத் தேர்ந்திருந்தால், அந்த ஆண் போன பின் மீண்டும் போய்க் கேட்க வேண்டிய அவசியம் இல்லை. ஒருமுறை அடைத்த கதவை மறுபடி தட்டியவளுக்குச் சொந்த மனம் ஒன்று இருந்திருக்கிறது.

1780இல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருந்தார்கள். முதல் பெயர் கிளாரிந்தாவுடையது. 1785இல் அவர் முன்னின்று கட்டிய சிறு கோயிலை ஸ்வார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பின்னாளில் திருநெல்வேலித் திருச்சபையாக வளர்ந்ததன் விதை அதுதான். கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று ஒதுங்கிப்போன ஒரு காலத்தில், ஒரு கைம்பெண் வழிபாட்டிடம் கட்டினாள், மக்கள் அதற்குள் போனார்கள். அந்தக் கோயிலை மக்கள் என்ன பெயரால் அழைத்தார்கள் தெரியுமா? பாப்பாத்தி அம்மாள் கோயில். சாதி நீங்கி வெளியே வந்தவளை அவள் விட்டுவந்த சாதியின் பெயரிலேயே திருச்சபை நினைவில் வைத்துக்கொண்டது. கிளாரிந்தா பெற்றதும், அவர் காலத்துச் சபை விடாமல் வைத்திருந்ததும் இந்த ஒரே பெயருக்குள் இருக்கின்றன.

எல்லாப் பெண்களும் தேர்ந்து போனவர்கள் அல்லர். கணவன் தேர்ந்ததால் போனவர்களும் உண்டு. இதை முதலில் எழுதியவர் கிருபாபாய் சத்தியநாதன். 1862இல் அகமதுநகரில் பிறந்தவர். அவர் பெற்றோர் அமெரிக்க மிஷன் வழியாகக் கிறிஸ்தவரான பிராமணர்கள். 1878இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, முதலாண்டில் சிறப்பாகத் தேறியும் உடல்நலம் கெட்டுப் படிப்பை விட நேர்ந்தவர். 32 வயதில் இறந்துபோனார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் 1887–88இல் தொடராக வந்த அவருடைய 'சகுணா', தன்வரலாற்றுச் சாயல் கொண்ட நாவல்.

அதில் சகுணாவின் அம்மா ராதா எனக்கு முக்கியமானவள். கணவன் புதிய மார்க்கத்தில் சேர்கிறான். அவன் தேடிப் படித்தான், விவாதித்தான், முடிவெடுத்தான். ராதாவுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. தன் தெய்வம், தன் விரதம், தன் உறவு, தன் ஆசாரம் எல்லாம் ஒரே நாளில் போகின்றன. கணவன் வீடுதானே அவள் வீடு? அங்கே அவள் அழுகிறாள், தீண்டலுக்கு அஞ்சுகிறாள், மெல்ல மெல்லத்தான் அந்த நம்பிக்கைக்குள் தானாக வருகிறாள். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, உண்மையான நம்பிக்கையோடு வாழ்ந்த ஒரு பெண், அந்த நம்பிக்கை தன் அம்மாவின் மேல் முதலில் கணவனின் ஆணையாகவே வந்து விழுந்தது என்று எழுதினாள். மிஷன் அறிக்கைகள் ஞானஸ்நானம் பெற்ற தலைகளை எண்ணின. இன்னார் குடும்பத்தோடு வந்தார் என்று எழுதின. அந்தக் குடும்பத்தோடு என்ற சொல்லுக்குள் எத்தனை ராதாக்கள் இருந்தார்கள் என்பதை எந்தக் கணக்கும் சொல்லாது.

தேர்வு என்பது என்ன என்று முழுமையாகக் காட்டியவர் பண்டித ரமாபாய். 1858இல் பிறந்தவர். மகளுக்கு வேதமொழி கற்பிக்கலாகாது என்ற தடையை மீறி அவர் அப்பா அனந்த சாஸ்திரி, மனைவிக்கும் அவர் வழியாக மகளுக்கும் சமஸ்கிருதம் கற்பித்தார். 1870களின் பஞ்சத்தில், தென்னிந்தியத் தலங்கள்தோறும் அலைந்து புராணம் சொல்லிப் பிழைத்த அந்தக் குடும்பத்தில் அப்பா, அம்மா, அக்கா மூவரும் இறந்தார்கள். பிழைத்த ரமாபாயும் அண்ணனும் 1878இல் கல்கத்தா போனார்கள். அங்கே பண்டிதர்கள் அவருக்குப் பண்டிதா, சரஸ்வதி என்ற பட்டங்களைக் கொடுத்தார்கள். சாதி மறுத்து மணந்த கணவரும் இரண்டாண்டுக்குள் இறக்க, கைக்குழந்தையோடு விதவையானார். புணேயில் பெண்களுக்கான ஆரிய மகிளா சமாஜத்தைத் தொடங்கினார். 1883இல் இங்கிலாந்து போய், அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று வாண்டேஜில் ஞானஸ்நானம் பெற்றார்.

மகாராஷ்டிரத்தில் கோபம் கொதித்தது. சாஸ்திரம் முழுக்கப் படித்தவளையே மயக்கிவிட்டார்கள் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். படிக்காதவள் மாறினால் அறியாமை, படித்தவள் மாறினால் மயக்கம். பெண்ணின் புத்தி எந்த அளவில் இருந்தாலும் அது போதாமல்தான் இருக்கும்.

ஆனால் ரமாபாய் தம்மை வரவேற்ற திருச்சபைக்கும் அடங்கவில்லை. திரித்துவக் கொள்கையை அப்படியே ஏற்க மறுத்தார். ஆண்களுக்கு அவர் பாடம் சொல்லிக்கொடுக்கலாகாது என்று பிஷப்கள் தடுத்தபோது எதிர்த்து எழுதினார். ஒரு புரோகிதக் கூட்டத்தின் நுகத்திலிருந்து பாடுபட்டு வெளியே வந்தவள் இன்னொரு நுகத்துக்குக் கழுத்தை நீட்ட மாட்டேன் என்பதுதான் அவர் கடிதங்களின் சாரம். கிறிஸ்துவைத் தேர்ந்தேன், உங்களை அல்ல என்ற இந்த வேறுபாட்டை அவர் சாகும்வரை விடவில்லை. 1889இல் பம்பாயில் விதவைகளுக்காகச் சாரதா சதனைத் தொடங்கினார். பின்னர் கேட்காவில் முக்தி மிஷன். பஞ்சத்தில் கைவிடப்பட்ட ஆயிரக்கணக்கான பெண்களும் குழந்தைகளும் அங்கே தங்கினார்கள், படித்தார்கள், அச்சுக்கோத்தார்கள், நெய்தார்கள். எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை மூலத்திலிருந்து மராத்தியில் பெயர்த்தார். 1922இல் இறந்தார். கிறிஸ்தவ இல்லத்துக்கு அவர் வைத்த பெயர் முக்தி. பழைய சொல்லை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. அதற்குள் தன் பொருளை வைத்தார்.

கிளாரிந்தாவும் ரமாபாயும் தனித்தனியாக முடிவெடுத்தவர்கள். செங்கல்பட்டு மாவட்டத்தில் நடந்தது வேறு. இன்றைய சேரப்பணஞ்சேரி, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். 1891இல் அதன் கலெக்டர் டிரெமென்கீர் பறையர் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூட மிராசுதாருடையது. தரிசு நிலத்தைக் கேட்டு விண்ணப்பித்தால் மிராசுதாருக்கே முதலுரிமை. பட்ட கடனுக்காகத் தலைமுறையாகப் படியாள் வேலை என்று அதில் விவரித்தார். செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூவும் திருவள்ளூர்ப் பக்கம் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடியும் இதே கோரிக்கையை எழுப்பிவந்தார்கள். 1892 செப்டம்பர் 30ஆம் தேதியிட்ட அரசாணை வழியாக ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் அறிவது அதுதான்.

அந்தக் காலத்தில் சேரி சேரியாக ஞானஸ்நானம் கேட்டார்கள். உடனே எழுந்த வசை, இவர்கள் அரிசிக்காக மாறியவர்கள் என்பது. இந்த வசையைச் சொன்னது சாதி இந்துக்கள் மட்டுமல்லர். மிஷனரிகளே ஐயப்பட்டார்கள். வயிற்றுக்காக வருகிறவனை ஆன்மாவுக்காக வருகிறவனிடமிருந்து எப்படிப் பிரிப்பது என்று தங்களுக்குள் விவாதித்தார்கள். வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கேட்டவர்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருந்ததா?

சேரிப் பெண்ணின் இடத்திலிருந்து பார்ப்போம். ஊர்க்கிணற்றில் அவள் இறைக்க முடியாது. யாராவது ஊற்றும்வரை குடத்தோடு காத்திருக்க வேண்டும். களத்தில் அவள் பதரைப் புடைப்பாள், கூலி படியால் அளக்கப்படும், அந்தப் படியும் குறைபடி. எஜமான் வீட்டு ஆணுக்கு அவள் மறுப்புச் சொன்னால் குடிசை போகும். இத்தனைக்கும் காரணம் முன்வினை என்று ஒரு தத்துவம் சொல்லிவந்தது. அவளிடம் ஒருவர் வந்து, நீ பிறந்தது பாவத்தால் அல்ல, உன்னைப் படைத்தவருக்கு உன் பெயர் தெரியும் என்கிறார். கூடவே மகளுக்கு எழுத்தும் ஒரு கிணறும் தாசில்தாருக்கு எழுத ஒரு ஆளும் கிடைக்கின்றன. இதில் எது வயிறு, எது ஆன்மா? மணிமேகலையின் பாத்திரத்தில் அறத்தையும் சோற்றையும் சேர்த்தே போற்றுகிற நாம், சேரிப் பெண்ணின் பாத்திரத்தில் மட்டும் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொல்கிறோம்.

திருவிதாங்கூரில் இதே கேள்வி உடம்பின் மேலேயே எழுதப்பட்டது. மார்பை மறைக்க அனுமதியில்லாத சாதிகளில் பிறந்த பெண்கள், இலண்டன் மிஷன் வழியாகக் கிறிஸ்தவரான பின் குப்பாயம் அணிந்தார்கள். மேலே தோள்சீலையும் போட்டார்கள். அதற்காக அடிபட்டார்கள், சந்தையில் துணி கிழிக்கப்பட்டது, பள்ளிகள் எரிக்கப்பட்டன. 1820களில் தொடங்கிய போராட்டம் 1859 ஜூலையில் மன்னரின் அறிவிப்போடுதான் ஓய்ந்தது. அந்த அறிவிப்பும், உயர்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு வந்தது. அந்தப் பெண்களிடம் போய், நீங்கள் துணிக்காக மதம் மாறினீர்களா, மீட்புக்காக மாறினீர்களா என்று கேட்க எனக்கு நாக்கு எழாது.

இனி, கொடுத்த விலை. கிறிஸ்தவப் பெண்ணாவது விடுதலை பெற்ற பெண்ணாவது அல்ல. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டப்படி, மனைவியின் பிறன்மனை உறவு ஒன்றே கணவனுக்குப் போதும். மனைவிக்கோ அது போதாது. கணவனின் பிறன்மனை உறவோடு கொடுமையையோ கைவிடலையோ வேறொரு குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். 132 ஆண்டு கழித்து, 2001இல்தான் இது திருத்தப்பட்டது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் மகளுக்கு மகனின் பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதைத் தந்தது. மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போய் 1986இல் அதை மாற்றினார். தென்னிந்தியத் திருச்சபையில் பெண்ணுக்குக் குருப்பட்டம் 1976இல்தான் கிடைத்தது. முதல் பெண் பேராயர் வர 2013 ஆனது. கத்தோலிக்கத் திருச்சபையில் இன்றும் இல்லை. சாதியும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. தனிக் கல்லறை, தனி வரிசை, தனித் தெரு. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கேயும் சாதியைக் கண்டு வெளியேறிய பாமா 1992இல் 'கருக்கு' எழுதியபோது, மீட்பைப் பிரசங்கித்தவர்களே தலித் பெண்ணுக்கு அதை மறுத்த கதை முதன்முறையாகத் தமிழில் ஒரு தலித் பெண்ணின் தன்வரலாறாக வந்தது. பாமா வெளியேறியது மடத்திலிருந்து. கிறிஸ்துவை அவர் எதிர்த்தரப்பில் நிறுத்தவில்லை. ஒடுக்கப்பட்டோர் பக்கம் நின்ற ஒருவராகவே அவரை மீட்டெடுத்தார். இது ரமாபாய் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

திருச்சபை வாங்கிய விலை ஒருபுறம் இருக்க, குடும்பச் சட்டம் வாங்கும் விலை இன்னொன்று. என் மாணவிகளுக்கு இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டப்படி, மனைவி வேறு மதத்துக்கு மாறினால் அதுவே கணவன் மணமுறிவு கேட்கக் காரணம். கணவன் மாறினாலும் அப்படியே. 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டப்படி, மதம் மாறிய மனைவிக்குத் தனித்து வாழ்ந்து ஜீவனாம்சம் கேட்கும் உரிமை இல்லை. நடத்தை கெட்டவளும் மதம் மாறியவளும் அங்கே ஒரே உட்பிரிவில் நிற்கிறார்கள். அதே ஆண்டின் பாதுகாவலர் சட்டப்படி, இந்துவாக இல்லாமல் போனவர் தன் பிள்ளைக்கே இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியாது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கீழ் மதம் பாராமல் ஜீவனாம்சம் கேட்க ஒரு வழி இருக்கிறது என்பது மட்டுமே ஆறுதல். சொத்தும் சம்பளமும் ஆணிடம் இருக்கும் சமூகத்தில், இந்த விதிகளின் கனம் இருபாலார் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை.

அதனால்தான் பல பெண்கள் வெளியே சொல்லாமல் நம்பினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிவகாசியில் வசதியான நாடார் குடும்பங்களில் மருமகள்கள் சிலர், ஞானஸ்நானம் பெறாமலே, வீட்டுக்குள் கிறிஸ்துவை வழிபட்டு வாழ்ந்ததை எலிசா கென்ட் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். வீட்டைத் தாண்டிப் போக முடியாதவள் தன் மனதுக்குள் ஒரு ஜெப அறை கட்டிக்கொண்டாள்.

சிவகாசி இன்னும் முடிந்துவிடவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த முறையில் துப்புரவு வேலை. கணவன் விட்டுப்போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தகரக் கூரை போட்ட ஒரு ஜெபவீட்டுக்குப் போகிறார். முழுக்கு ஞானஸ்நானமும் எடுத்திருக்கிறார். ஊரில் அண்ணன்மாருக்குத் தெரியாது. ஏன் போனீர்கள் என்று கேட்டேன். "நாள் பூரா என்னைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட மாட்டாங்க டீச்சர். 'ஏம்மா, இங்க தொட'ன்னு தான் கூப்பிடுவாங்க. அங்க என் பேரைச் சொல்லி ஜெபம் பண்றாங்க" என்றார். ஜெபவீட்டில் பாஸ்டர், மனைவி புருஷனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று பிரசங்கம் செய்வாரே என்றேன். சிரித்தார். "பாஸ்டர் சொல்றதெல்லாம் கேக்கணும்னு இல்ல. கர்த்தர் சொல்றதைக் கேட்டாப் போதும்." ரமாபாய் பிஷப்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதியதை இவர் இரண்டு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

அவருடைய பயம் வேறு. மகளின் சாதிச் சான்றிதழில் இந்து ஆதிதிராவிடர் என்று இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருப்பவரே பட்டியல் சாதியினர். 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் போய்விடுவார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மதத்தையும் பட்டியல் சாதித் தகுதியையும் பிரிக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றமும் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கு அந்தத் தகுதியைத் தரும்படி தீர்மானம் போட்டது. நிலைமை மாறவில்லை. 2024 நவம்பர் 26 அன்று, புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு இடஒதுக்கீட்டுக்காக இந்து என்று சொல்வது அரசியல் சாசனத்தின் மீதான மோசடி என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெண்ணுக்கு ஞானஸ்நானம் நடந்தது கைக்குழந்தையாக இருந்தபோது. அவள் அம்மா எந்த மதம், கல்யாணத்துக்குப் பிறகு எந்த மதம் என்பதெல்லாம் வழக்கில் அலசப்பட்டது. ஒரு மகளின் வேலைக்காக அவள் தாயின் நம்பிக்கை விசாரிக்கப்பட்டது.

ஜெபவீட்டுக்குப் போவதால் சாதி போய்விட்டதா? எங்கள் தெருப் பெண்ணுக்கு வாடகை வீடு தேடும்போது அது போகவில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணைப் பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்த இருவரின் பெயர்கள் ஜான் தாமஸ், ஏழுமலை. பெயரில் தெரிகிற மதத்தைப் பார்த்துத் தோட்டா வழிவிடவில்லை.

ஹாதியா வழக்கு இஸ்லாத்தைத் தேர்ந்த பெண்ணுடையது. ஆனாலும் இங்கே அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சேலத்தில் ஹோமியோபதி படித்துக்கொண்டிருந்த 24 வயதுப் பெண். 2017இல் கேரள உயர் நீதிமன்றம், அவள் எளிதில் ஏமாற்றப்படக் கூடியவள் என்று கருதி அவள் திருமணத்தை ரத்துசெய்து பெற்றோர் பொறுப்பில் அனுப்பியது. 2018 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு நடந்த மாதங்களில் அவள் திரும்பத் திரும்பச் சொன்னது தன் விருப்பத்தில்தான் மாறினேன் என்பதே. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள இந்த நாட்டுக்கு அத்தனை மாதங்கள் ஆயின.

பெண் தேர்வது எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஜெபவீடுகளில் நோய் தீருமென்று மருந்தை நிறுத்தச் சொல்பவர்கள் உண்டு; அவளுடைய சொற்பக் கூலியில் தசமபாகம் கேட்பவர்கள் உண்டு. அதையெல்லாம் நாம் கேள்வி கேட்கவே வேண்டும். ஆனால் அவளிடம் பேசிக் கேட்க வேண்டும், அவளைத் தாண்டி அல்ல. தவறாகத் தேர்ந்தால் திரும்பி வரும் உரிமையும் தேர்வுக்குள் அடக்கம். ஆண்கள் காலங்காலமாக மார்க்கம் மாறியிருக்கிறார்கள். திருநாவுக்கரசர் சமணத்துக்குப் போனார், திரும்பி வந்தார். அவரை யாரும் வயதுவராதவர் பட்டியலில் வைக்கவில்லை. நாயன்மார் வரிசையில் வைத்தோம்.

எங்கள் தெருப் பெண்ணின் மகள் அடுத்த ஆண்டு கல்லூரிக்கு விண்ணப்பிப்பாள். மதம் என்ற கட்டத்தில் இந்து என்று எழுதுவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். அதைப் பொய் என்று சொல்பவர்கள், அவள் உண்மையை எழுதினால் எதை இழப்பாள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கட்டத்தை அச்சடித்தவர்கள் அவளுடைய அம்மாவை ஒருபோதும் ஏன் என்று கேட்டதில்லை.